பூஸ்ட் கேஜ் முள் 18-லிருந்து 0-க்கு வந்து பிறகு 9-க்குப் போகிறது: எதை நம்புவது?

மூன்றாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடம் ஓடிய ஒரு 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மேனுவல் கியர். போன வாரம், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டினேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து சின்ன ரப்பர் குழாய் நேராகக் கேஜின் பின்பக்கம் வருகிற பழைய வகை. காரின் கணினி விவரங்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் கருவியும் செருகி, போனிலும் பார்க்கிறேன். இரண்டும் இரண்டு கதை சொல்கின்றன.

கேஜில் பார்த்தது:
மிதிக்காமல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது முள் இடப்பக்கம் 18-ல் நிற்கிறது. மிதிக்க மிதிக்க 18 குறைந்து 0-க்கு வந்து, அதைத் தாண்டி வலப்பக்கம் ஏறுகிறது. மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் 2500 ஆர்பிஎம்மில் 9. அதற்கு மேல் ஏறவில்லை. 4500 வரும்போது 6-க்கு இறங்கிவிடுகிறது.

போனில் பார்த்தது:
சாவி மட்டும் ஆன் செய்தால் 101. ஐடிலிங்கில் 40. முழு மிதியில் 163.

163 என்றால் 1.63 பார் பூஸ்ட், இது ஆபத்தான அளவு என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். இதே இன்ஜின் வைத்திருக்கும் இன்னொருவரோ தன் கேஜில் 13 வரை போகிறது என்கிறார். என்னுடையது அதிகமா, குறைவா? ஐடிலிங்கில் இருக்கிற 18, மிதித்தால் ஏன் குறைகிறது?

---

வெண்முள்

முதலில் மனதை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேஜும் போனும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன, இரண்டும் எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

கேஜ் முகத்தை நன்றாகப் பாருங்கள். இடப்பக்க எண்களுக்கும் வலப்பக்க எண்களுக்கும் அலகு வேறு. இடப்பக்கம் பாதரச அங்குலம், வலப்பக்கம் பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. இடப்பக்கம் இருப்பது வேக்குவம். 18 என்றால் வெளிக்காற்றை விட 18 அங்குலப் பாதரசம் அளவுக்கு மேனிஃபோல்டில் அழுத்தம் குறைவு என்று பொருள். மிதித்ததும் காற்று வழியை மூடியிருக்கும் தகடான த்ராட்டில் திறக்கிறது, காற்று உள்ளே பாய்கிறது, வேக்குவம் கரைகிறது. அதனால்தான் 18 குறைகிறது. முள் 0-ல் நிற்கும் கணத்தில் மேனிஃபோல்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே அழுத்தம். அதற்கு மேல் டர்போ தள்ளும் கூடுதல் காற்று.

1643-இல் டாரிசெல்லி பாதரசக் குழாயில் பார்த்த அதே 76 சென்டிமீட்டர் உயரம்தான் அங்குலத்தில் 29.92 ஆகிறது. இடப்பக்க அளவு 30-ஓடு முடிந்துவிடுவதற்குக் காரணம் அதுவே. கடல்மட்டத்தில் அதற்கு மேல் உறிஞ்ச காற்றே கிடையாது.

இப்போது போன். அது காட்டுவது கிலோபாஸ்கல், அதுவும் முழு அழுத்தம். காற்றே இல்லாத நிலையை 0 என்று வைத்து எண்ணுகிறது. இன்ஜின் ஓடாதபோது 101 காட்டியதே, அது நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தம். பூஸ்ட் வேண்டுமென்றால் அதைக் கழிக்க வேண்டும்.

163 கழித்தல் 101, 62 கிலோபாஸ்கல். ஒரு பிஎஸ்ஐ 6.895 கிலோபாஸ்கல். 62-ஐ அதால் வகுத்தால் 9 வரும். உங்கள் கேஜில் பார்த்த அதே 9.

ஐடிலிங்கையும் சரிபார்ப்போம். ஓர் அங்குலப் பாதரசம் 3.386 கிலோபாஸ்கல். 18 அங்குலம் 61. 101-இல் 61 போனால் 40. போனில் வந்த அதே எண்.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது நல்ல செய்தி. கேஜ் சரி, குழாய் சரி, காரின் சென்சாரும் சரி. 1.63 பார் பூஸ்ட் என்று சொன்னவர் 101-ஐக் கழிக்க மறந்துவிட்டார். 100 கிலோபாஸ்கல் ஒரு பார், ஆகவே உங்களுடையது 0.62 பார்தான்.

---

மூன்றாம்கியர்

ரொம்ப நன்றி சார். இரண்டு நாளாக இதே யோசனையாக இருந்தேன். ஒரு சந்தேகம், கேஜுக்கு மட்டும் எப்படி வெளிக்காற்று 0 ஆகிறது? யாரும் அதில் கழித்துச் சொல்வதில்லையே?

---

வெண்முள்

அது கேஜின் உடம்பிலேயே இருக்கிறது. முகப்பைக் கழற்றினால் உள்ளே தட்டையாக்கி வளைத்த ஒரு பித்தளைக் குழாய் தெரியும். யூஜீன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் அப்படியே நடக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், உறிஞ்சினால் இன்னும் சுருளும். அதன் நுனியில் கட்டியிருக்கும் சின்னப் பற்சக்கரம் முள்ளைத் திருப்புகிறது. குழாய்க்கு உள்ளே மேனிஃபோல்ட் காற்று, வெளியே நீங்கள் மூச்சு விடும் காற்று. இரண்டும் இழுபறி செய்து மிஞ்சியதைத்தான் முள் காட்டுகிறது, ஆகவே கழித்தல் தானாகவே நடந்துவிடுகிறது.

மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளந்து போனுக்கு எண் தரும் மேப் சென்சார் வேறு மாதிரி. மெல்லிய சிலிக்கான் சவ்வின் ஒரு பக்கம் காற்றை எடுத்துவிட்டு மூடிய அறை. அதனால் அது எப்போதும் முழு அழுத்தத்தையே சொல்லும்.

---

இரவுப்பயணி

இத்தனை நாள் இடப்பக்க 20-ஐயும் வலப்பக்க 20-ஐயும் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க 20 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட 41 அங்குலப் பாதரசம் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே வட்டத்தில் இரண்டு அளவுகோலை ஒட்டியவர்கள் பக்கத்திலேயே பெரிதாக அலகையும் எழுதியிருக்கலாம்.

---

ஸ்பானர்செட்

தம்பி, கணக்கு எல்லாம் சரியா வந்திருச்சு. ஆனா உங்க வண்டியில ஒரு கோளாறு இருக்கு, அதை யாரும் இன்னும் சொல்லல. 9-க்கு ஏறி 4500-ல 6-க்கு இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

இதே இன்ஜின் வச்சிருக்கிறவர் 13 சொல்றாரு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் வரும், அது சகஜம். நாலு பிஎஸ்ஐ வித்தியாசமும், மேல போகப்போக மூச்சு வாங்குறதும் சேர்ந்து வந்தா காத்து எங்கயோ வெளிய போகுதுன்னுதான் எனக்குத் தோணுது.

எங்க போகுதுன்னும் உங்க கேஜே பாதி சொல்லிருச்சு. எப்படின்னு கேளுங்க. ஐடிலிங்ல 18 ஆடாம நிக்குது. நல்ல பெட்ரோல் இன்ஜினுக்கு 17-லேர்ந்து 22 வரைக்கும் இருக்கணும், நிலையா நிக்கணும். த்ராட்டிலுக்குப் பின்னாடி, மேனிஃபோல்ட் கேஸ்கட்லயோ ஏதாவது சின்ன வேக்குவம் குழாய்லயோ ஓட்டை இருந்தா ஐடிலிங்ல வெளிக்காத்து உள்ள ஏறி 18-ங்கிறது 14, 12-ன்னு இறங்கியிருக்கும். அங்க பிரச்சினை இல்ல. அப்போ மிச்சம் இருக்கிற இடம் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல. டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலர், அதுக்குப் போற ஹோஸ், அதுலேர்ந்து வர்ற ஹோஸ். அந்த வழியில ஐடிலிங்ல அழுத்தமே இருக்காது, அதனால ஓட்டை இருந்தாலும் முள்ளுல தெரியாது. டர்போ தள்ள ஆரம்பிச்சதும்தான் ஓட்டை வாயைத் திறக்கும்.

இன்னொண்ணும் செஞ்சு பாருங்க. மூணாவது கியர்ல 4000 வரைக்கும் கொண்டுபோய் ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை முழுசா எடுத்துருங்க, கிளட்ச் மிதிக்க வேணாம். முள் எவ்வளவு தூரம் இடப்பக்கம் விழுதுன்னு யாரையாவது பக்கத்துல உக்கார வச்சு பாக்கச் சொல்லுங்க. 22-க்கு மேல போச்சுன்னா பிஸ்டன் ரிங், வால்வு எல்லாம் நல்லா உறிஞ்சுதுன்னு அர்த்தம்.

---

முழுமிதி

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் காரிலும் 9-தான் வந்தது. புகைவாயுவை டர்போவைச் சுற்றி வெளியே விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியில் நட்டைத் தளர்த்தி மூன்று சுற்றுச் சுருக்கினேன். நேராக 12. வண்டி பறக்கிறது. ஹோஸ், கேஸ்கட் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது பத்து நிமிட வேலை. தாராளமாக முயலலாம்.

---

ஸ்பானர்செட்

ஐயா, கோவிச்சுக்காதீங்க, இந்த யோசனையை நான் ஒத்துக்கமாட்டேன். காத்து ஒழுகுற வண்டியில வேஸ்ட்கேட்டை இறுக்கினா என்ன ஆகும்? ஒழுகுறதுக்கும் சேர்த்து டர்போ சுத்தணும். ஏற்கெனவே ஈசியூ, அதான் இன்ஜினை நடத்துற கணினி, வேண்டிய அழுத்தம் வரலன்னு வேஸ்ட்கேட்டை முடிஞ்சவரைக்கும் மூடி வச்சிருக்கும். அதுக்கு மேல நம்மளும் கம்பியைச் சுருக்கினா, சக்கரம் எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு யாருக்கும் தெரியாது. கேஜ்ல அது வராது. முள் 12-ன்னு சாதுவா நிக்கும், உள்ள பேரிங் வெந்துக்கிட்டு இருக்கும்.

என்கிட்ட வந்த ஒரு டர்போவைக் கழட்டி கையில எடுத்தேன். கம்ப்ரசர் சக்கரத்தோட இறக்கை நுனியெல்லாம் உரசி மழுங்கி இருந்துச்சு, கூட்டுக்குள்ள வட்டமா பளபளன்னு கோடு. அச்சை விரலால அசைச்சா பக்கவாட்டுல டக்டக்னு ஆடுது. ஓனர் சொன்னது, "பூஸ்ட் எப்பவும் கரெக்டாதான் காட்டுச்சு." காட்டியிருக்கும். ஹோஸ்ல ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

---

வெண்முள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, ஏனென்றால் பூஸ்ட் கேஜைப் பற்றிய பெரிய தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது.

பூஸ்ட் என்பது அழுத்தம். இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் எடை. டர்போ அனுப்பும் காற்றை இன்ஜின் உடனே விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் தேங்குவதால்தான் அழுத்தமே எழுகிறது. சிலிண்டர் ஹெட்டின் துளைகளைச் செதுக்கி அகலமாக்கினால் கேஜில் எண் குறையும், சக்தி கூடும். சின்ன டர்போ 12 பிஎஸ்ஐ தருவதும் பெரிய டர்போ 12 பிஎஸ்ஐ தருவதும் ஒன்றல்ல.

அடுத்தது சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும், தப்பவே முடியாது. 27 டிகிரி செல்சியஸ் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 14.7 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு அமுக்குகிறோம் என்று வையுங்கள். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால் வெளிவரும் காற்று கிட்டத்தட்ட 120 டிகிரி. டர்போவை அதன் வசதியான எல்லைக்கு வெளியே ஓட்டித் திறன் 55 சதவீதத்துக்கு விழுந்தால் அதே பூஸ்டுக்கு 145 டிகிரியைத் தாண்டும். முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இன்டர்கூலர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை எடுத்துவிடும், எல்லாவற்றையும் எடுக்காது. இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 20 டிகிரியில் இருப்பதற்கும் 50 டிகிரியில் இருப்பதற்கும், ஒரே அழுத்தத்தில், எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் வித்தியாசம். அதிகாலைக் குளிரில் வண்டி லேசாகப் பறப்பது போல இருப்பதும், மதிய நெரிசலில் ஊர்ந்த பிறகு மந்தமாக இருப்பதும் இதனால்தான். சூடான காற்றில் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் கலவை தானாக வெடிக்கும் என்று ஈசியூ இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னுக்கு இழுக்கும். முழுமிதி அவர்களுக்கு என் வேண்டுகோள், பூஸ்டோடு சேர்த்து இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் போனில் பாருங்கள். மூன்று பிஎஸ்ஐ கூடியதில் உங்களுக்கு உண்மையில் என்ன மிஞ்சியது என்று அப்போது தெரியும்.

---

முழுமிதி

நீங்கள் சொன்னபடி நேற்று பார்த்தேன். முன்பு எத்தனை இருந்தது என்று குறித்து வைக்கவில்லை, அதனால் ஒப்பிட முடியவில்லை. ஆனால் மேடு ஏறும்போது இன்டேக் வெப்பநிலை 68 வரை போனது எனக்கே அதிகமாகப் பட்டது. கம்பியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டேன். நட்டில் முதலில் பெயிண்ட் அடையாளம் இருந்ததால் சரியான இடம் கிடைத்தது.

---

பழையடீசல்

டீசல்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஐடிலிங்கில் 18 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு. காற்று வழியை நெரித்து ஓட்டுவதில்லை. ஆகவே வேக்குவம் கிடையாது, ஐடிலிங்கில் முள் 0-ஐ ஒட்டியே படுத்திருக்கும். புது டீசல்களில் ஒரு தகடு இருக்கும், அது புகைவாயுவைத் திருப்பிவிடவும் இன்ஜினை அதிராமல் நிறுத்தவும்தான். டீசலுக்கு வாங்குகிற கேஜில் இடப்பக்க அளவே தேவையில்லை, 0-இலிருந்து 2 பார் வரை இருப்பது போதும்.

என் குழப்பம் வேறு. போனில் என் வண்டி எப்போதும் 255-ல் நின்றுவிடுகிறது. மேட்டில் சுமையோடு ஏறினாலும் 255, தட்டையான சாலையில் மிதித்தாலும் 255. சென்சார் கெட்டுவிட்டதா?

---

வெண்முள்

சென்சார் கெடவில்லை, எண் வருகிற வழி குறுகியது. ஓபிடியில் மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கான பழைய பொதுக் குறியீடு ஒரே ஒரு பைட்டில் எண்ணை அனுப்புகிறது. ஒரு பைட்டில் அதிகபட்சம் 255-தான் அடங்கும். 255 கழித்தல் 101, 154 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 22 பிஎஸ்ஐ. உங்கள் டீசல் அதற்கு மேல் தள்ளினாலும் போனுக்குத் தெரியாது. அந்த வண்டிக்கே உரிய விவரங்களைப் படிக்கும் ஸ்கேனரில் உண்மை அளவு வரும். அதிலேயே ஈசியூ கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு என்று இரண்டு வரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பூஸ்ட் பற்றி நான் பார்ப்பதிலேயே மிகவும் பயனுள்ள இரண்டு எண்கள் அவைதான்.

---

மலையேறி

உயரத்தில் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் அடிக்கடி 2000 மீட்டர் உயரத்துக்கு ஓட்டுபவன். கீழே ஐடிலிங்கில் 18 காட்டிய கேஜ் மேலே 12 காட்டியது. முதல் முறை பார்த்தபோது வேக்குவம் குழாய் கழன்றுவிட்டது என்று நினைத்து, இருட்டில் டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தது.

காரணம் எளிது. 2000 மீட்டரில் வெளிக்காற்றே சுமார் 80 கிலோபாஸ்கல்தான். இன்ஜின் ஐடிலிங்குக்கு அதே 40 வேண்டும். இடைவெளி 40, அது 12 அங்குலம். தோராயமாக 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூஸ்டில் நடப்பது இன்னும் சுவையானது. கீழே 13 காட்டிய அதே வண்டி மேலே 15 காட்டியது. என் ஈசியூ முழு அழுத்தத்தை வைத்து இலக்குப் போடுகிறது. கீழே 190 வேண்டுமென்றால் 101-க்கு மேல் 89 சேர்த்தால் போதும். மேலே 80-க்கு மேல் 110 சேர்க்க வேண்டும், அது 16 பிஎஸ்ஐ. கொஞ்சம் விட்டுக்கொடுத்து 15-ல் நிறுத்திக்கொண்டது போல. எண் கூடியதைப் பார்த்து வண்டிக்குச் சக்தி கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டர்போ மூச்சைப் பிடித்து அதிக வேகத்தில் சுற்றித்தான் கீழே கொடுத்ததையே ஏறக்குறைய கொடுக்கிறது. வெறும் ஸ்பிரிங் வேஸ்ட்கேட் மட்டும் உள்ள பழைய வண்டிகளில் கேஜில் ஏறக்குறைய அதே எண் நிற்கும், முழு அழுத்தம் மட்டும் குறைந்திருக்கும்.

மின்சென்சாரோடு வரும் சில டிஜிட்டல் கேஜ்களில் கடல்மட்டக் காற்றையே நிலையாகக் கழிக்கும்படி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டது மேலே போனதும், இன்ஜின் ஓடாமலே கழித்தல் 0.2 பார் காட்டும். சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் பண்ணும் முன் 0 வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்த வம்பெல்லாம் இல்லை.

---

இரவுப்பயணி

முதல் கியரில் எவ்வளவு மிதித்தாலும் எனக்கு 5-க்கு மேல் வருவதில்லை, நாலாம் கியரில் 12 வருகிறது. இது கோளாறா?

---

ஸ்பானர்செட்

கோளாறு இல்லம்மா. டர்போவைச் சுத்துறது புகைவாயு. சுமை இருந்தாத்தான் புகைவாயு நிறைய வரும், சுத்த நேரமும் வேணும். முதல் கியர்ல டர்போ எழுந்திரிக்கிறதுக்குள்ள ஆர்பிஎம் முடிஞ்சு கியர் மாத்தணும். வண்டியை நிறுத்தி நியூட்ரல்ல வச்சு முறுக்கினா ஒண்ணுமே வராது. அதனால எப்பவும் மூணு இல்ல நாலாவது கியர், 2000-லேர்ந்து முழு மிதி, ஒரே காலி ரோடு, ஒரே நேரம்னு வச்சுப் பாருங்க. ஓட்டுறவங்க கேஜைப் பாக்கக் கூடாது. போனை அதுக்கு நேரா வச்சு வீடியோ எடுத்துட்டு, ஓரமா நிறுத்தி அப்புறம் பாருங்க.

முள்ளோட நடையைப் பாத்தே கொஞ்சம் சொல்லலாம். மிதிச்சதும் ஒரு கணம் 15 தொட்டுட்டு 13-ல உக்காந்தா வேஸ்ட்கேட் திறக்கக் கொஞ்சம் லேட், அது பெரிய விஷயமில்ல. 13-ல உக்காராம ஆர்பிஎம் ஏற ஏற 14, 15, 16-ன்னு ஊர்ந்து போச்சுன்னா காலை எடுத்துருங்க. வேஸ்ட்கேட் முழுசா திறந்தும் புகைவாயு அது வழியா வெளிய போய் முடியல, இல்ல அதோட குழாய் கழண்டிருக்கு. அது இன்ஜினைக் கொல்ற வகை. ஐடிலிங்ல முள் ஒரே தாளத்துல விட்டு விட்டு துடிச்சா ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யல, வால்வோ ஸ்பார்க்கோ பாக்கணும். 2500-ல பிடிச்சு வச்சிருக்கும்போது வேக்குவம் மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போனா சைலன்சர் பக்கம், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைச்சிருக்கான்னு பாருங்க.

அப்புறம், கேஜ் குழாயை எங்க சொருகுறீங்கங்கிறது முக்கியம். பிரேக் பூஸ்டருக்குப் போற குழாய்ல ஒரு வழி வால்வு இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் சொருகினா முள் வேக்குவத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். வேஸ்ட்கேட்டுக்குப் போற குழாய்லயும் சொருகாதீங்க, அங்க சோலனாய்டுங்கிற மின்வால்வு அழுத்தத்தை வெட்டி வெட்டி அனுப்பும், மேனிஃபோல்ட் கணக்கு அங்க கிடைக்காது.

---

மூன்றாம்கியர்

எல்லோர் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எடுத்த சோதனையில் முள் 23 வரை போனது. இன்ஜின் உறிஞ்சுகிறது என்று ஒரு பெரிய ஆறுதல்.

பிறகு ஒரு நல்ல ஸ்கேனர் உள்ள நண்பரோடு ஓட்டினேன். 3000-ல் ஈசியூ கேட்டது 190 கிலோபாஸ்கல், கிடைத்தது 163. 4500-ல் கேட்டது 178, கிடைத்தது 142. வேஸ்ட்கேட் கட்டளை இரண்டு இடத்திலும் அதிகபட்சத்தில் இருந்தது. ஸ்பானர்செட் அண்ணன் சொன்னது அப்படியே. டர்போவைப் போ போ என்று ஈசியூ விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் எதுவும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு இருந்தும் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அடுத்த நாள் காலை, இன்ஜின் ஆறியபின் கீழ்ப்பக்கத் தகட்டைக் கழற்றினேன். இன்டர்கூலரின் வெளிவாய், அதில் ரப்பர் ஹோஸ், மேலே ஒரு ஸ்டீல் கிளாம்ப். கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்பினால் அசையவில்லை. முதலில் அதைக் கடந்து போய்விட்டேன். திரும்பி வரும்போதுதான் கண்ணில் பட்டது. ஹோஸுக்குக் கீழே தகரத்தில் விசிறி விரித்த மாதிரி ஓர் எண்ணெய்க் கறை. நடுவில் ஈரமாகக் கறுப்பு, ஓரம் போகப் போகத் தூசி ஒட்டிச் சாம்பல் நிறம். விசிறியின் காம்பு கிளாம்பின் ஒரே ஒரு பக்கத்தைக் காட்டியது. அந்தப் பக்கம் விரலால் தடவினால் ஹோஸின் விளிம்பு இன்டர்கூலர் வாயில் இருக்கும் மேட்டைத் தாண்டவே இல்லை. முன்பு யாரோ கழற்றி மாட்டும்போது ஹோஸைக் கோணலாகச் செருகி, கோணல் மேலேயே கிளாம்பை இறுக்கியிருக்கிறார்கள்.

உறுதி செய்துகொள்ள, டர்போவின் வாய்ப்பக்கம் அடைப்பு வைத்து, காற்று கம்ப்ரசரில் அளவைக் குறைத்து 10 பிஎஸ்ஐ மட்டும் விட்டோம். சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அந்த இடத்தில் நுரை கொப்பளித்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை.

ஹோஸைக் கழற்றி, உள்விளிம்பைத் துடைத்து, நேராகச் செருகி, புது கிளாம்ப் போட்டேன். அரை மணி நேர வேலை.

அதே சாலை, அதே மூன்றாம் கியர், 2000-லிருந்து முழு மிதி. 2400-லேயே 13. 4500-ல் 11 தாண்டி நிற்கிறது, 5000-ல் சரியாக 11. போனில் அதிகபட்சம் 191. ஐடிலிங்கில் இன்னமும் அதே 18.

இன்னொரு விஷயம், யாருக்காவது உதவலாம். இதற்கு முன் சைலன்சர் வாயில் கை வைத்தால் கரி அப்பிக்கொள்ளும். காற்றை அளந்து உள்ளே விட்ட பிறகு பாதி வழியில் ஒழுகியதால் பெட்ரோல் கூடுதலாகப் போயிருக்கும் என்று நண்பர் சொன்னார். என் காரில் ஏர் பில்டருக்குப் பக்கத்தில் காற்றின் அளவை அளக்கும் சென்சார் இருக்கிறது, அதனால் அவர் சொல்வது பொருந்துகிறது.

---

வெண்முள்

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இப்போது இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள்: ஐடிலிங், காலை எடுத்தபோது, 2400, 4500, 5000, அன்றைய வெளிவெப்பம். இன்னும் ஒரு வருடம் கழித்து ஏதாவது சந்தேகம் வந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்கு அளவுகோல். வேறு யாருடைய 13-உம் தேவைப்படாது.

---

ஸ்பானர்செட்

அருமை தம்பி. அந்தக் கறையைச் சுத்தமா துடைச்சிட்டீங்களா? புது கிளாம்ப் சூடாகி ஆறினதும் ரப்பர் கொஞ்சம் அமுங்கும், ஒரு தடவை திரும்ப இறுக்கணும். ஐந்நூறு கிலோமீட்டர் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. துடைச்ச இடத்துல திரும்ப ஈரம் இருந்தா சொல்லுங்க.

---

மூன்றாம்கியர்

அண்ணா, இன்று 540 கிலோமீட்டர். கிளாம்பைக் கால் சுற்று இறுக்கினேன். துடைத்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தூசி மட்டும்தான் வந்தது, காய்ந்த தூசி.